பழைய சாகசத் தொடர் நூல்கள்: அச்சைக் கணித்து, நிழல் எழுத்தாளரைக் கண்டறிந்து சேகரிக்கும் முறை

ஹார்டி பாய்ஸ், நான்சி ட்ரூ, டாம் ஸ்விஃப்ட் போன்ற அமெரிக்கச் சிறுவர் தொடர் நூல்களைச் சேகரிக்க வருபவர்களில் பலர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இதை உண்மையில் எழுதியவர் யார் என்ற கேள்வியை முதலில் எழுப்பி, ஏதோ ஒரு பட்டியலில் தலைப்புக்கு நேரே இருக்கும் பெயரைப் பார்த்து, தம் கையிலுள்ள பிரதிக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். ஒரே தலைப்பிலும் ஒரே வரிசை எண்ணிலும் ஒரே புனைபெயரிலும் இரண்டு வெவ்வேறு கதைகள் வெளிவந்திருக்கும் துறை இது.

எனவே பிரதி எப்போது அச்சானது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். உள்ளே இருப்பது எந்தப் பாடம், அதாவது கதையின் எந்த எழுத்து வடிவம் என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். எழுதியவரைத் தேடுவது அதற்குப் பிறகுதான். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்திருக்கின்றன.

1. எல்லையை வரையறுத்துக்கொள்ளுங்கள்

மேலே சொன்ன தொடர்களை உருவாக்கிய, எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர் (1862–1930) நடத்திய சிண்டிகேட் ஒரு பதிப்பகம் அன்று. அது கதைத் திட்டத்தை வகுத்து, கூலிக்கு எழுதும் ஒருவரிடம் கொடுத்து, கைப்பிரதியைத் திருத்தி, கிராசெட் அண்ட் டன்லப், கப்பிள்ஸ் அண்ட் லியோன் போன்ற பதிப்பகங்களுக்கு வழங்கியது. எழுதியவர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுத்துவிடுவார். நூலின் முதுகில் இருக்கும் பெயர் சிண்டிகேட்டின் சொத்து. அதற்குப் பின்னால் யாரும் வரலாம், போகலாம்.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக நேர்கின்றன. கிராசெட் வெளியிட்டவை எல்லாம் சிண்டிகேட் நூல்கள் என்று எண்ணுவது ஒன்று. 1932 முதல் 1967 வரை 38 புத்தகங்களாக வந்த ஜூடி போல்டன் தொடரை மார்கரெட் சட்டன் என்ற பெயரில் ஒரே எழுத்தாளர்தான் எழுதினார். அதற்கும் சிண்டிகேட்டுக்கும் தொடர்பில்லை. புனைபெயர் இருந்தால் நிழல் எழுத்தாளரும் (பிறர் பெயரில் கூலிக்கு எழுதுபவரும்) இருந்தே தீருவார் என்று எண்ணுவது மற்றொன்று. 1899-இல் தொடங்கிய ரோவர் பாய்ஸ் நூல்களில் ஆர்தர் எம். வின்ஃபீல்ட் என்று பெயர் இருந்தாலும், அவற்றை எழுதியவர் ஸ்ட்ராட்டமையரேதான்.

தொடக்கத்தில் ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்வது நல்லது. ஹார்டி பாய்ஸின் முதல் 26 புத்தகங்கள் அல்லது நான்சி ட்ரூவின் முதல் 30 புத்தகங்கள் பொருத்தமானவை. இவற்றுக்குத்தான் ஆவணச் சான்று அதிகம். எழுத்தாளர்வாரியாகச் சேகரிப்பது இதைவிடச் சுவையானது என்பது என் கருத்து. ஆனால் அதற்குப் பல தொடர்களின் அச்சு வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்பதால் அதை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. வாங்குவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

தொடரின் எல்லாத் தலைப்புகளும் வரிசை எண்ணோடும் முதலில் வெளிவந்த ஆண்டோடும் அடங்கிய பட்டியல் ஒன்றை நீங்களே கையால் தயாரியுங்கள். அடுத்த படியில் செய்யப்போகும் காலக்கணிப்பு முழுவதும் இந்தப் பட்டியலை நம்பித்தான் நடக்கிறது. கையால் எழுதினால் ஆண்டுகள் மனத்தில் தங்கிவிடும்; பழைய புத்தகக் கடையில் நிற்கும்போது அது உதவும்.

பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும், சிறிய புறஊதாக் கைவிளக்கு ஒன்றும் வேண்டும். இவை இரண்டும் போலி மேலுறையை (அட்டைக்கு மேல் சுற்றும் தாள் உறையை)ப் பிடிப்பதற்கு.

துணைநூல்களைப் பொறுத்தவரை, நான்சி ட்ரூவின் அச்சுகளைப் பிரித்தறிய டேவிட் ஃபாராவின் வழிகாட்டியையும், ஹார்டி பாய்ஸுக்கு டோனி கார்பென்டியரியின் வழிகாட்டியையும், சிண்டிகேட்டின் புனைபெயர்களுக்கு டீட்ரி ஜான்சன் 1982-இல் வெளியிட்ட நூல் விவரத் தொகுப்பையும் சேகரிப்பாளர்கள் நம்பிப் பயன்படுத்துகிறார்கள். விலை உயர்ந்த பிரதி ஒன்றை வாங்குவதற்கு முன் இவற்றுள் உரியதை வாங்கிவிடுங்கள். அந்தச் செலவு முதல் தவறான கொள்முதலைத் தடுக்கும்போதே ஈடாகிவிடும்.

3. அச்சான காலத்தைக் கணியுங்கள்

புதியவர்கள் பணத்தை அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். பதிப்புரிமைப் பக்கத்தில் 1930 என்று இருந்தால் பிரதியும் 1930-இல் அச்சானது என்று நினைத்துவிடுகிறார்கள். கிராசெட் அண்ட் டன்லப் நிறுவனம் மறு அச்சுகளிலும் முதல் உரிமை ஆண்டையே அப்படியே விட்டுவைத்தது. எத்தனையாவது அச்சு என்ற குறிப்பும் பொதுவாக இருக்காது. 1950-களின் நடுவில் அச்சான பிரதியிலும் 1930 என்றே காணலாம். விற்பவர் பொய் சொல்லாமலேயே ‘1930 பதிப்பு’ என்று விளம்பரம் செய்ய இதுவே காரணம்.

சரியான வழி, நூலுக்குள் இருக்கும் தலைப்புப் பட்டியலைப் படிப்பது. கதைக்கு முன்னாலோ பின்னாலோ, அதே தொடரில் அதுவரை வந்த புத்தகங்களின் விளம்பரப் பட்டியல் இருக்கும். அதில் கடைசியாக உள்ள தலைப்பு எந்த ஆண்டு வெளிவந்ததோ, அதற்கு முன் இந்தப் பிரதி அச்சாகியிருப்பது அரிது. பட்டியலில் இல்லாத அடுத்த தலைப்பு எந்த ஆண்டு வந்ததோ, அதற்குப் பிறகும் பெரும்பாலும் அச்சாகியிருக்காது.

எடுத்துக்காட்டாக, நான்சி ட்ரூவின் முதல் புத்தகமான ‘தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் கிளாக்’ உங்கள் கையில் இருக்கிறது என்று வையுங்கள். உரிமை ஆண்டு 1930. உள்பட்டியலோ 22-ஆம் புத்தகமான ‘தி க்ளூ இன் தி க்ரம்ப்ளிங் வால்’ வரை போய் நிற்கிறது. அது வந்தது 1945. அடுத்ததான ‘தி மிஸ்டரி ஆஃப் தி டோலிங் பெல்’ வந்தது 1946. ஆகவே இந்தப் பிரதி 1945-ஐயும் 1946-ஐயும் ஒட்டிய காலத்தில் அச்சானது. தாளைத் தொட்டுப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால அச்சுகளின் தாள் மெலிந்தும் விரைவில் பழுப்பேறியும் இருக்கும், புத்தகமும் தடிமன் குறைந்திருக்கும். பட்டியலும் தாளும் ஒரே காலத்தைச் சொன்னால் கணிப்பு உறுதிப்படுகிறது.

பட்டியல் மட்டும் போதாது. சில சமயம் வரப்போகும் புத்தகம் முன்கூட்டியே பட்டியலில் ஏறிவிடும். சில சமயம் பழைய பட்டியலே மாற்றப்படாமல் அடுத்த அச்சிலும் தொடரும். எனவே உடலமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். ஹார்டி பாய்ஸ் நூல்களுக்குத் தொடக்க ஆண்டுகளில் சிவப்பு அட்டை. 1932-ஐ ஒட்டி அது பழுப்புக்கு மாறியது. நான்சி ட்ரூவின் மிகப் பழைய அச்சுகளில் அட்டையின் உட்புறத் தாள் வெறுமையாக இருக்கும். நான்சியின் ஆரஞ்சு நிற நிழலுருவம் பின்னால் வந்தது. வழவழப்பான தாளில் நான்கு படங்கள் இருந்த நிலை 1930-களின் நடுப்பகுதியோடு முடிந்து, தலைப்புப் பக்கத்துக்கு எதிரே உள்ள முகப்புப் படம் ஒன்று மட்டும் எஞ்சியது. அதுவும் பின்னர் சாதாரணத் தாளுக்கு இறங்கியது.

முதல் பக்கத்தில் யாராவது ‘கிறிஸ்துமஸ் 1934’ என்று பரிசுக் குறிப்பு எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். புதியவர்கள் அதைக் கறை என்று கருதி ரப்பரை எடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி, இந்தப் பிரதி 1934 இறுதிக்குள் அச்சாகிவிட்டது என்பதற்குச் சாட்சி. பட்டியலால் உறுதியாகத் தர முடியாத மேல் எல்லையை அது தருகிறது.

4. மேலுறையைத் தனிப் பொருளாகச் சோதியுங்கள்

டஸ்ட் ஜாக்கெட் எனப்படும் தாள் மேலுறை இருந்தால் விலை பல மடங்கு ஏறுகிறது. அதனாலேயே ஒரு பிரதியின் மேலுறையைக் கழற்றி வேறொரு பிரதிக்குப் போடும் வழக்கம் உண்டு. மேலுறையின் மடிப்பிலும் பின்பக்கத்திலும் தனியான தலைப்புப் பட்டியல் இருக்கும். அதையும் மூன்றாம் படியில் சொன்னவாறே கணித்து, உள்பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

நூலும் மேலுறையும் தனித்தனியே அச்சானதால் ஓரிரு தலைப்பு வித்தியாசம் இயல்பானது. அதைக் கண்டு விற்பவரைச் சந்தேகிக்க வேண்டாம். ஐந்தாறு தலைப்பு வித்தியாசம் இருந்தால் அவை பின்னால் சேர்த்துவைக்கப்பட்டவை. அப்படிப்பட்ட பிரதியை வாங்கக் கூடாது என்பதில்லை. இணைந்தே பிறந்த சோடிக்கான விலையைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நகல் மேலுறைகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. நேர்மையாக ‘நகல்’ என்று அச்சிட்டு விற்கப்பட்டவைகூட, கை மாறும்போது அந்த வரி வெட்டப்பட்டு அசலாகிவிடுகின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் பழைய அச்சின் புள்ளிகள் ஒழுங்கான அணிவகுப்பாகத் தெரியும். இங்க்ஜெட் நகலில் அவை சிதறித் தெளித்தாற்போல் இருக்கும். புறஊதா ஒளியில் தாள் பளிச்சென்ற நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அது 1930-களின் தாளாக இருக்க முடியாது; அவ்வாறு ஒளிரச் செய்யும் வெண்மையூட்டிகள் தாள் தயாரிப்பில் புழக்கத்துக்கு வந்தது 1950-ஐ ஒட்டித்தான். அறையை இருட்டாக்கிச் சோதியுங்கள், ஏனெனில் பகல் வெளிச்சத்தில் இந்த வேறுபாடு மங்கிவிடும்.

5. உள்ளே இருப்பது எந்தப் பாடம் என்று பாருங்கள்

1959-இல் தொடங்கி ஹார்டி பாய்ஸ், நான்சி ட்ரூ இரண்டின் பழைய புத்தகங்களும் ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதப்பட்டன. ஹார்டி பாய்ஸில் அந்த வேலை 1973-இலும், நான்சி ட்ரூவில் 1977-இலும் முடிந்தது. தலைப்பும் எண்ணும் புனைபெயரும் மாறவில்லை.

விரைவான சோதனை, அத்தியாயங்களை எண்ணுவது. மூலபாடத்தில் பொதுவாக 25 அத்தியாயங்கள். திருத்திய பாடத்தில் 20. 200 பக்கங்களைத் தாண்டிய நூல் 180 பக்கங்களை ஒட்டிச் சுருங்கியிருக்கும். கதைக்குள்ளேயும் அடையாளங்கள் உண்டு: நான்சிக்கு 16 வயது என்றால் மூலபாடம், 18 என்றால் திருத்தியது, அவள் ஓட்டும் நீல வண்டி ரோட்ஸ்டராக இருந்தால் பழையது, கன்வர்ட்டிபிளாக இருந்தால் புதியது. ஹார்டி சகோதரர்களின் வயதும் இவ்வாறே 16, 15 என்பதிலிருந்து 18, 17 என்று ஏறிற்று.

அட்டையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பெரும் தவறு. 1960-களின் தொடக்கத்தில் மேலுறையைக் கைவிட்டு அட்டையிலேயே வண்ணப்படம் அச்சிடும் முறை வந்தபோது, இன்னும் திருத்தப்படாத தலைப்புகள் பழைய 25 அத்தியாயங்களோடேயே புதிய அட்டைக்குள் போயின. நான்சி ட்ரூவின் மஞ்சள் முதுகு, ஹார்டி பாய்ஸின் நீல முதுகு ஆகியவற்றைப் பார்த்ததும் ‘திருத்திய பாடம்’ என்று ஒதுக்குபவர்கள், மலிவான விலையில் மூலபாடத்தைப் பெறும் வாய்ப்பை இழக்கிறார்கள். படிப்பதற்காகச் சேகரிப்பவருக்கு இந்த இடைக்காலப் பிரதிகளைவிட நல்ல கொள்முதல் கிடையாது.

நேர்மாறான பொறியும் ஒன்று இருக்கிறது. ஆப்பிள்வுட் பதிப்பகம் 1990-களில் மூலபாடங்களைப் பழைய தோற்றத்திலேயே மறுபதிப்புச் செய்தது. அவற்றின் உள்ளடக்கம் மூலபாடம்தான். பிரதி மட்டும் பழையதன்று. உரிமைப் பக்கத்தைப் படித்தாலே தெரிந்துவிடும்.

சில தலைப்புகளில் திருத்தம் என்ற சொல்லே பொருந்தாது. ஹார்டி பாய்ஸின் 19-ஆம் புத்தகமான ‘தி டிஸப்பியரிங் ஃப்ளோர்’ 1940-இல் ஜான் பட்டன் எழுதியது. 1964-இல் அதே பெயரில் வந்தது ஜேம்ஸ் லாரன்ஸ் எழுதிய முற்றிலும் வேறு கதை. இதன் எழுத்தாளர் யார் என்று ஆண்டைச் சொல்லாமல் கேட்டால் விடையே கிடையாது.

பாடத்தை ஒப்பிடப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அமெரிக்கச் சட்டப்படி வெளிவந்து 95 ஆண்டுகள் நிறைந்த நூல்கள் பொதுவுடைமையாகின்றன. 1927-இல் வந்த முதல் மூன்று ஹார்டி பாய்ஸ் நூல்கள் 2023-இலும், 1930-இல் வந்த நான்சி ட்ரூ நூல்கள் 2026-இலும் அந்த நிலையை எட்டின. மூலபாடத்தை மின்வடிவில் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் பிரதியின் முதல் அத்தியாயத்தை வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

6. நிழல் எழுத்தாளரைக் கண்டறியுங்கள்

இப்போதுதான் பெயரைத் தேடும் நேரம். ஒரு சிண்டிகேட் நூலில் குறைந்தது மூன்று கைகள் பட்டிருக்கும்: கதைத் திட்டம் வகுத்தவர், முழுக்கதையை எழுதியவர், கைப்பிரதியைத் திருத்தியவர். திருத்திய பாடமானால் நான்காவது கையும் உண்டு. ‘எழுதியவர்’ என்று ஒரே கட்டம் வைத்திருக்கும் பட்டியல்கள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

‘தி டவர் ட்ரெஷர்’ நூலை எடுத்துக்கொள்வோம். 1927-இல் திட்டம் வகுத்தவர் ஸ்ட்ராட்டமையர். கனடாவைச் சேர்ந்த பத்திரிகையாளர் லெஸ்லி மெக்ஃபார்லேன் அதை 125 டாலருக்கு நாவலாக எழுதினார். 1959-இல் திருத்தி எழுதியவர் ஸ்ட்ராட்டமையரின் மகள் ஹேரியட் ஆடம்ஸ். மூவருக்கும் பொதுவான முகமூடிதான் ஃபிராங்க்ளின் டபிள்யூ. டிக்சன்.

ஒரு புனைபெயர் ஒரே ஆளுக்கு நெடுகப் பொருந்தும் என்றும் கொள்ளாதீர்கள். ஹார்டி பாய்ஸில் 1 முதல் 16 வரையிலும் 22 முதல் 24 வரையிலும் மெக்ஃபார்லேன். இடையிலுள்ள ஐந்தும் ஜான் பட்டனுடையவை. நான்சி ட்ரூவில் 1–7, 11–25, 30 ஆகியவை மில்ட்ரெட் வர்ட் பென்சனுடையவை. பொருளாதார மந்தத்தின்போது கூலி குறைக்கப்பட்டதால் அவர் விலகி நின்ற இடைவெளியில் 8, 9, 10 மூன்றையும் வால்டர் கேரிக் எழுதினார். இதைவிட வியப்பானது டேனா கேர்ல்ஸ் தொடர்: அதிலும் நான்சி ட்ரூ நூல்களில் உள்ள கரோலின் கீன் என்ற புனைபெயர்தான், ஆனால் முதல் நான்கு நூல்களை எழுதியவர் மெக்ஃபார்லேன். டிக்சனின் எழுத்தை விரும்பிச் சேகரிப்பவர் கீனின் அலமாரியிலும் தேட வேண்டியிருக்கிறது.

சான்றுகளைத் தரம் பிரித்துக் கொள்ளுங்கள். முதல் தரம், அக்காலத்திலேயே எழுதப்பட்ட ஆவணங்கள்: உரிமைத் துறப்புப் பத்திரம், கூலிக் கணக்கு, கடிதங்கள், கதைத் திட்டங்கள். சிண்டிகேட்டின் பதிவேடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. மெக்ஃபார்லேனின் தாள்கள் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலும், பென்சனின் தாள்கள் அயோவா பல்கலைக்கழகத்தின் மகளிர் ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. நேரில் போக வேண்டும் என்றில்லை; காப்பகங்கள் வெளியிட்டுள்ள விவரப் பட்டியலில் எந்தப் பெட்டியில் எந்தத் தலைப்பின் கோப்பு இருக்கிறது என்று பார்த்தாலே பல கேள்விகள் தீர்ந்துவிடும்.

இரண்டாம் தரம், பின்னாளில் அளிக்கப்பட்ட வாக்குமூலங்களும் நினைவுக் குறிப்புகளும். 1980-இல் நியூயார்க்கில் நடந்த வழக்கில் பென்சன் சாட்சி சொன்னது இவ்வகை. மெக்ஃபார்லேன் 1976-இல் வெளியிட்ட தன்வரலாறும் இவ்வகையே. படிக்க அருமையானது, ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. நிறுவனமே சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது: நான்சி ட்ரூவை எழுதியது தானே என்று, தந்தைக்குப் பின் சிண்டிகேட்டை நடத்திய ஹேரியட் ஆடம்ஸ் நெடுங்காலம் சொல்லிவந்தார், நூலகங்களும் நாளிதழ்களும் அதை நம்பின.

நடையைப் படித்து ஊகிப்பது இந்த இரண்டு தரங்களுக்கும் கீழே. மெக்ஃபார்லேனின் ஹார்டி பாய்ஸில் தலைமைக் காவலர் காலிக்கும் துப்பறிவாளர் ஸ்மஃபும் அசடு வழிவதை ரசிக்கலாம், அந்த நையாண்டி அவருடைய முத்திரைதான். ஆனால் கைப்பிரதி சிண்டிகேட் அலுவலகத்தில் திருத்தப்பட்ட பிறகே அச்சுக்குப் போனது. நடை ஒரு கேள்வியை எழுப்பலாம். விடையை ஆவணம்தான் தர வேண்டும்.

7. வாங்கும் முன் கேட்க வேண்டிய படங்கள்

தொலைவிலிருந்து வாங்குவதானால், முன்னட்டைப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உரிமைப் பக்கம், உள்பட்டியல் முழுவதும், மேலுறையின் இரு மடிப்புகள், பின்பக்கம், உட்புறத் தாள்கள், முகப்புப் படம், அத்தியாய அட்டவணை ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். முகப்புப் படத்தைத் தனியே கேட்கக் காரணம், குழந்தைகள் கிழித்து எடுக்கும் முதல் தாள் அதுதான்.

கேட்ட படங்களைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாதாட வேண்டாம், வேறு பிரதியைத் தேடுங்கள். லட்சக்கணக்கில் அச்சான நூல்கள் இவை. உண்மையில் அரிதானவை மிகப் பழைய மேலுறைகளும், விற்பனை குன்றிப் பாதியில் நின்ற தொடர்களின் கடைசிப் புத்தகங்களும்தான்.

8. பிரதி வந்த அன்றே பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உரிமை ஆண்டு, உள்பட்டியலின் கடைசித் தலைப்பு, மேலுறைப் பட்டியலின் கடைசித் தலைப்பு, கணித்த அச்சுக் காலம், அத்தியாய எண்ணிக்கை, பாடம், திட்டம் வகுத்தவர், எழுதியவர், திருத்தியவர், ஒவ்வொரு பெயருக்கும் சான்றின் தரம் ஆகியவற்றைத் தனித்தனியே குறியுங்கள்.

சான்றின் தரத்தை எழுதாவிட்டால், ஊகமாகக் குறித்தது சில ஆண்டுகளில் உங்கள் கண்ணுக்கே உண்மையாகத் தோன்றும். ஹார்டி பாய்ஸின் 26-ஆம் புத்தகமான ‘தி ஃபேன்டம் ஃப்ரைட்டர்’ (1947) சில பட்டியல்களில் லெஸ்லி மெக்ஃபார்லேன் பெயரிலும், சிலவற்றில் அவர் மனைவி ஏமியின் பெயரிலும் இருக்கிறது. இத்தகைய இடத்தில் இரு பெயர்களையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறிப்பதே முறை.

9. பாதுகாப்பு

மேலுறைக்குப் பாலியெஸ்டர் உறை போடுங்கள். பிவிசி உறை நாளடைவில் தாளோடு ஒட்டிக்கொள்ளும். கிழிசலைச் செல்லோ டேப்பால் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. அட்டையின் ஆரஞ்சு எழுத்துகள் மீது ஈரத்துணி படக் கூடாது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

பூஞ்சை நாற்றம் அடிக்கும் பிரதியை அலமாரியில் சேர்ப்பதற்கு முன், மூடிய பெட்டியில் சமையல் சோடா நிறைந்த திறந்த கிண்ணத்தோடு சில வாரங்கள் வைத்திருங்கள். சோடா நூலின் மேல் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நாற்றம் போனாலும் பூஞ்சை செத்துவிட்டது என்று பொருளில்லை, ஆகவே அந்தப் பிரதியை மற்றவற்றிலிருந்து தள்ளியே நிறுத்துங்கள். மேலுறைகளின் முதுகு மற்ற பாகங்களைவிட முன்னதாக வெளுத்துவிடும் என்பதால், சன்னலுக்கு எதிரே உள்ள சுவரை அலமாரிக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.